எதை முதலில் செய்வது? கவுன்சலர் லைசென்ஸ் தேர்வுக்குப் படிப்பவர்களின் கேள்விகள்

போன இதழில், அமெரிக்காவில் கவுன்சலர் லைசென்ஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் வாசகர்கள் தங்கள் சந்தேகங்களை எழுதி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ட்ரீட்மென்ட் பிளான், அதாவது சிகிச்சைத் திட்டம் போடுவது பற்றித்தான். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். பதில்களில் வரும் கேஸ்கள் பயிற்சிக்காக நானே எழுதியவை, யாருடைய கதையும் இல்லை.

அக்கா, கல்யாணமாகி இங்கே வந்த பிறகு கவுன்சலிங்கில் மாஸ்டர்ஸ் முடித்தேன். இப்போது என்.சி.எம்.எச்.சி.இ., அதாவது மனநல கவுன்சலர்களுக்கான தேசியத் தேர்வுக்குப் படிக்கிறேன். டயக்னோசிஸ் கேள்விகள் நன்றாக வருகின்றன, ட்ரீட்மென்ட் பிளானிங்கில்தான் மார்க் போகிறது. அதற்கு 15 சதவீதம்தானே போட்டிருக்கிறார்கள், அதை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்துக்கொண்டால் போதாதா?
வாசகி, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

போதாதும்மா. அந்த 15 சதவீதம் என்பது காகிதக் கணக்கு. தேர்வு எப்படி நடக்கிறது என்று பாருங்கள்: மொத்தம் 11 கேஸ், அதில் ஒன்றுக்கு மார்க் கிடையாது, எது என்று உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு கேஸும் மூன்று கட்டமாக விரியும். முதலில் இன்டேக், அதாவது கிளையன்ட் முதலில் வரும்போது திரட்டும் விவரம், அப்புறம் இரண்டு செஷன்கள். ஒரு கேஸுக்கு 9 முதல் 15 கேள்விகள் வரை, எல்லாவற்றுக்கும் சேர்த்து 225 நிமிடம். 2022 நவம்பரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு இதுதான் வடிவம், அதனால் அதற்கு முந்தைய பழைய புத்தகத்தை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் அதை நம்பி உட்காராதீர்கள்.

இந்த வடிவத்தில் கேள்விகள் தனித்தனியாக நிற்பதில்லை. இன்டேக், டயக்னோசிஸுக்கு 25 சதவீதம், கவுன்சலிங் திறன்களுக்கும் இன்டர்வென்ஷன்களுக்கும் (கவுன்சலர் கையாளும் சிகிச்சை முறைகள்) 30 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள், சரி. ஆனால் மூன்றாவது கட்டத்தில் எந்த இன்டர்வென்ஷன் பொருந்தும் என்று கேட்டால், இந்த ஆளுக்கு என்ன திட்டம் போட்டோம், அதில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரியாமல் எப்படிப் பதில் சொல்வது? திட்டம் மனதில் இல்லாதவர்களுக்கு நான்கு விடைகளும் சரி மாதிரியே தெரியும்.

இன்னொன்று. கலிஃபோர்னியாவில் எல்.பி.சி.சி. எனப்படும் கவுன்சலர் லைசென்ஸுக்கு இந்தத் தேர்வோடு மாநிலத்தின் சட்டம், நெறிமுறைத் தேர்வும் தனியாக எழுத வேண்டும். சில மாநிலங்கள் என்.சி.எம்.எச்.சி.இ.க்குப் பதிலாக என்.சி.இ. என்ற பொதுவான கவுன்சலர் தேர்வை ஏற்கும். அது 200 கேள்வி, 160-க்கு மட்டும் மார்க், நேரடியான பல்தேர்வு வினாக்கள். அதிலும் சிகிச்சைத் திட்டம் 9 சதவீதம் இருக்கிறது. உங்கள் மாநில போர்டின் பக்கத்தைப் பார்த்துவிட்டு எந்தத் தேர்வு என்று முடிவு செய்யுங்கள், தோழி சொன்னாள் என்று போகாதீர்கள்.

கோல், ஆப்ஜெக்டிவ், இன்டர்வென்ஷன் என்று மூன்று சொல்கிறார்கள். பேராசிரியர் ஒரு மாதிரி சொன்னார், நான் வேலை செய்யும் இடத்து ஃபார்மில் வேறு மாதிரி இருக்கிறது. ஒரு உதாரணத்தோடு விளக்க முடியுமா?
வாசகர், டாலஸ்

ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். 42 வயது ஆண், மென்பொருள் வேலை, ஐந்து மாதம் முன்பு வேலை போய்விட்டது. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கமில்லை. சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு இளைத்துவிட்டது, பிள்ளையோடு விளையாடக்கூட மனமில்லை. ராத்திரியானால் இரண்டு கிளாஸ் விஸ்கி. மன அழுத்தத்தை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவமான பி.எச்.க்யூ-9-ல் 18 மார்க். பேச்சுவாக்கில் “நான் இல்லாவிட்டால் இவர்களுக்குப் பாரம் குறையும்” என்கிறார்.

இதைப் படித்ததும் நிறையப் பேர் பேனாவை எடுத்து ‘மன அழுத்தம் குறைய வேண்டும்’ என்று கோல் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தில் நிற்க வேண்டும். தன்னைப் பாரமாக நினைப்பது தற்கொலை அபாயத்தின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. பி.எச்.க்யூ-9-ன் ஒன்பதாவது கேள்வியே சாக வேண்டும், தன்னைத் துன்புறுத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றியதுதான். அதில் என்ன குறித்திருக்கிறார் என்று மொத்த மார்க்குக்கு முன்னால் பார்க்க வேண்டும், நேரடியாகக் கேட்கவும் வேண்டும்: எண்ணம் இருக்கிறதா, எப்படி என்று யோசித்திருக்கிறாரா, கைக்கெட்டும் தூரத்தில் வழி இருக்கிறதா, முன்னால் முயன்றிருக்கிறாரா, எது அவரைப் பிடித்து நிறுத்துகிறது. கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் நம் ஆட்களிடம் அதிகம். அது ஆதாரமில்லாத பயம்.

சரி, கேட்டாயிற்று, எண்ணம் எப்போதாவது வருகிறது, திட்டமோ நோக்கமோ இல்லை என்று தெரிகிறது. அதற்கேற்ற பாதுகாப்புத் திட்டத்தை அவரோடு உட்கார்ந்து எழுதியாயிற்று. இப்போது மற்றதைப் போடலாம்.

கோல் என்பது அவர் போய்ச் சேர விரும்பும் இடம், பெரிய அளவில்: மன அழுத்த அறிகுறிகள் குறைந்து அன்றாட வாழ்க்கை திரும்ப வேண்டும். ஆப்ஜெக்டிவ் என்பது அதற்கான படி, எண்ணிப் பார்க்கும்படி இருக்க வேண்டும்: எட்டு வாரத்துக்குள் பி.எச்.க்யூ-9 மார்க் 18-லிருந்து 10-க்குக் கீழே வரும். வாரத்தில் ஐந்து நாளாவது காலை ஏழு மணிக்குப் படுக்கையை விட்டு எழுந்து 20 நிமிடம் நடந்து, எப்படி இருந்தது என்று ஒரு வரி குறித்து வைப்பார். இன்டர்வென்ஷன் என்பது நாம் செய்வது: வாரம் ஒரு செஷன், நடத்தை ஊக்குவிப்பு, அதாவது பிஹேவியரல் ஆக்டிவேஷன், அப்புறம் ‘நான் பாரம்’ என்ற எண்ணத்தை எடுத்து வைத்து அதற்கு ஆதரவாக என்ன இருக்கிறது, எதிராக என்ன இருக்கிறது என்று சேர்ந்து பார்ப்பது.

ஆப்ஜெக்டிவில் செய்பவர் கிளையன்ட், இன்டர்வென்ஷனில் செய்பவர் கவுன்சலர். தேர்வில் நான்கு விடைகளையும் இந்த ஒரு கண்ணால் பார்த்தாலே சில சமயம் இரண்டு கழன்றுவிடும். ‘கவுன்சலர் சிந்தனை மாற்றப் பயிற்சி அளிப்பார்’ என்று ஒரு விடை இருந்து, கேள்வி ஆப்ஜெக்டிவ் கேட்டால், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் அது விடையில்லை. ‘தன்னம்பிக்கை கூடும்’ என்பதும் இல்லை, எப்போது, எவ்வளவு என்று அதில் ஒன்றுமில்லையே.

இந்த ஆளுக்கு இன்னும் இரண்டு விஷயம் திட்டத்தில் வர வேண்டும். ஒன்று, குடும்ப மருத்துவரிடம் அனுப்பித் தைராய்டு உட்படப் பரிசோதனை, ஏனென்றால் தைராய்டு கோளாறும் இதே முகத்தோடு வரலாம். இரண்டு, அந்த இரண்டு கிளாஸ். குடிப்பழக்கத்தை அளக்கும் ஆடிட் என்ற பத்துக் கேள்விப் படிவத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும், இரண்டு என்று சொல்வது உண்மையில் எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும்.

‘முதலில் என்ன செய்வீர்கள்’, ‘அடுத்து என்ன’ என்ற கேள்விகளில் எப்போதும் இரண்டு விடையில் மாட்டிக்கொள்கிறேன். தேர்ந்தெடுத்தது தப்பாகிறது. ஏதாவது வழி உண்டா?
வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

உண்டு. பொதுவாக நான் பார்க்கும் வரிசை இது: உயிருக்கு ஆபத்து இருக்கிறதா, உடல்நலத்தில் அவசரம் இருக்கிறதா, குடியோ போதையோ இருக்கிறதா, தங்க இடம், சாப்பாடு இருக்கிறதா, அதற்கப்புறம்தான் மனநோயின் அறிகுறிகள், அதற்கும் அப்புறம்தான் உறவுகள், பழைய காயங்கள். ஆனால் இதை மனப்பாடமாக ஒப்பித்தால் மாட்டுவீர்கள், ஏனென்றால் கேள்வி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதும் சேர வேண்டும். இன்டேக்கில் தகவல் பாதிதான் கையில் இருக்கிறது என்றால் பெரும்பாலும் இன்னும் கேட்டறிவதுதான் சரி. அதே கேஸின் மூன்றாவது கட்டத்தில், முன்பே மதிப்பீடு முடிந்து, புதிதாக எதுவும் தோன்றாத நிலையில், மறுபடியும் மதிப்பீடு செய்வது பாதுகாப்பான விடை மாதிரி தெரியும், ஆனால் அங்கே காரியம் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது.

உதாரணமாக, பல வருடமாகத் தினமும் நிறையக் குடித்துவந்த ஒருவர், நேற்றிலிருந்து சட்டென்று நிறுத்திவிட்டேன் என்று பெருமையாகச் சொல்கிறார். கை நடுங்குகிறது, வியர்க்கிறது, நிலைகொள்ளாமல் இருக்கிறார். விடைகளில் பாராட்டி ஊக்கப்படுத்துவது ஒன்று, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு அனுப்புவது ஒன்று, தூண்டுதல்களைப் பட்டியலிடுவது ஒன்று, உடனடி மருத்துவக் கவனிப்பு ஒன்று. நாலாவதுதான். குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றல் நிலை வரலாம், உயிரே போகலாம். மற்ற மூன்றும் நல்ல காரியங்கள்தான், அடுத்த வாரத்துக்கு.

தற்கொலை எண்ணம் என்ற வார்த்தையைப் பார்த்தவுடன் மருத்துவமனைக்கு அனுப்பு என்ற விடையைத் தொடுவதும் தவறு. திட்டம் இருக்கிறது, வழி இருக்கிறது, நோக்கம் இருக்கிறது என்றால் அனுப்பத்தான் வேண்டும், தாமதிக்கக் கூடாது. எண்ணம் மட்டும், நோக்கமில்லை, வீட்டில் துணை இருக்கிறது என்றால், அவருடைய சுதந்திரத்தைக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே வருவது பாதுகாப்புத் திட்டம். ஸ்டான்லி, பிரவுன் இருவரும் வகுத்த வடிவத்தைப் பழகிக்கொள்ளுங்கள்: எச்சரிக்கை அறிகுறிகள், தானாகச் செய்துகொள்ளக்கூடியது, மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய உறவும் நட்பும், தொழில்முறை உதவி, கடைசியாக வீட்டில் துப்பாக்கி, மாத்திரை போன்றவற்றைக் கைக்கெட்டாமல் செய்வது. 2022 ஜூலையிலிருந்து நாடு முழுக்க இருக்கும் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணும் அதில் வரும். ‘தற்கொலை செய்துகொள்ள மாட்டேன்’ என்று எழுதி வாங்குகிற ஒப்பந்தம் விடையில் இருந்தால் விட்டுவிடுங்கள். அது கவுன்சலருக்கு நிம்மதி தருமே தவிர கிளையன்டைக் காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

கிளையன்டே மாற விரும்பவில்லை, மனைவி பிடித்து இழுத்து வந்திருக்கிறார் என்று கேஸ் வந்தால் திட்டத்தில் என்ன எழுதுவது?
வாசகர், அட்லாண்டா

அவர் நிற்கிற இடத்திலிருந்து எழுத வேண்டும். ப்ரோசாஸ்காவும் டிக்ளெமென்ட்டேவும் சொன்ன மாற்றத்தின் கட்டங்கள் படித்திருப்பீர்கள். ‘எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, இவள்தான் பெரிதாக்குகிறாள்’ என்கிறவர் முதல் கட்டத்தில் இருக்கிறார். அவருக்கு ‘30 நாள் குடிக்காமல் இருப்பார்’ என்று ஆப்ஜெக்டிவ் எழுதினால் அது மனைவியின் திட்டம். ‘குடிப்பதால் கிடைப்பது, இழப்பது இரண்டையும் தன் வாயால் சொல்வார்’, ‘இரண்டு வாரம் தன் குடியைக் குறித்து வருவார்’ இந்த அளவில் இருக்க வேண்டும், கூடவே ஊக்க நேர்காணல், அதாவது மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங். வாதாடி ஜெயிக்கிற விடை எதையும் தொடாதீர்கள்.

அமெரிக்கன் கவுன்சலிங் அசோசியேஷனின் 2014 நெறிமுறைகளில் ஏ.1.சி. பிரிவை எடுத்துப் படியுங்கள், சின்னப் பத்திதான். திட்டத்தைக் கவுன்சலரும் கிளையன்டும் சேர்ந்து போட வேண்டும், அவருடைய திறனுக்கும் சூழ்நிலைக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும், அவ்வப்போது எடுத்துப் பார்த்துத் திருத்த வேண்டும், அவர் தேர்வை மதிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. தேர்வு எழுதும்போது ‘கிளையன்டோடு சேர்ந்து’ என்ற பொருள் வரும் விடைக்கு ஒரு கூடுதல் பார்வை கொடுப்பது இதனால்தான். உயிர் ஆபத்து இருக்கும் கேள்வியில் மட்டும் அது பின்னால் போய்விடும்.

எந்த நோய்க்கு எந்தத் தெரபி என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?
வாசகி, சிகாகோ

எல்லாம் வேண்டாம், சில ஜோடிகள் கட்டாயம். ஓ.சி.டி.க்கு (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து ஆட்டும் நோய்) எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் பிரிவென்ஷன். பி.டி.எஸ்.டி.க்கு (பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) ப்ரோலாங்டு எக்ஸ்போஷர், காக்னிட்டிவ் பிராசசிங் தெரபி, கண் அசைவைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். பார்டர்லைன் ஆளுமைக் கோளாறுக்கு டி.பி.டி., அதாவது டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி. நாள்பட்ட தூக்கமின்மைக்குத் தூக்கத்துக்கென்றே இருக்கும் சி.பி.டி., அதாவது காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி. அடங்காத சின்னப் பிள்ளைகளுக்கு, சுமார் இரண்டிலிருந்து ஏழு வயது வரை, பேரன்ட்-சைல்டு இன்டராக்ஷன் தெரபி. பட்டினி கிடந்து இளைக்கும் பதின்வயதுப் பிள்ளைக்கு, உடல்நிலை தாங்குமானால், குடும்பத்தை வைத்தே செய்யும் சிகிச்சை. பைபோலார் நோயில் மேனியா, அதாவது அளவு மீறிய உற்சாக நிலையில் வந்தால் முதலில் மருந்துக்காக மனநல மருத்துவரிடம்.

எதைச் செய்யக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஓ.சி.டி. உள்ளவர் கேட்கும்போதெல்லாம் ‘ஒன்றும் ஆகாது’ என்று சமாதானம் சொன்னால் நோய்தான் வளரும். கணவனைக் கண்டு மனைவி பயப்படும் வீட்டில், அடி நடந்துகொண்டிருக்கும்போது, இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துத் தம்பதி கவுன்சலிங் செய்யக் கூடாது. அவள் உள்ளே சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழும். தனித்தனியாகப் பார்த்து, அவளுக்குப் பாதுகாப்புத் திட்டம் போடுவதுதான் முதலில்.

கேஸில் இந்தியக் குடும்பம், ஆசியக் குடும்பம் என்று வந்தால் நமக்கு எளிது என்று நினைத்தேன். அதில்தான் அதிகம் தப்பு விடுகிறேன். ஏன்?
வாசகி, ராலே, வட கரோலினா

நமக்குத் தெரிந்ததை வைத்துப் பதில் சொல்லிவிடுகிறோம், கேஸில் எழுதியிருப்பதை வைத்து இல்லை. 24 வயதுப் பெண், வேலைக்குப் போகிறாள், பெற்றோரோடு இருக்கிறாள், கல்யாணப் பேச்சால் படபடப்பு, நெஞ்சு அடைக்கிறது, தலை பாரம் என்கிறாள். ‘தனி வீடு பார்த்துச் சுதந்திரமாக வாழ்வது’ கோலாக ஒரு விடை. ‘பெற்றோர் விருப்பத்தை ஏற்றுக்கொள்ளப் பழகுவது’ இன்னொன்று. இரண்டுமே கவுன்சலர் தன் மதிப்பீடுகளை அவள் மேல் ஏற்றுவது. முதலாவதை இங்கே வளர்ந்தவர்கள் தொடுகிறார்கள், இரண்டாவதை நம்மில் சிலர் தொடுகிறார்கள். அவள் என்ன விரும்புகிறாள், இந்தக் கஷ்டத்தை அவளும் குடும்பமும் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள், யாரிடம் உதவி தேடியிருக்கிறார்கள் என்று கேட்பதுதான் அந்த இடத்தில் விடை. மனநோய்களை வகைப்படுத்தும் கையேடான டி.எஸ்.எம்.-5-ல் 2013-லிருந்தே கல்ச்சுரல் ஃபார்முலேஷன் இன்டர்வியூ என்று 16 கேள்விகள் இருக்கின்றன. அதை ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள், கேட்கும் முறை பிடிபட்டுவிடும்.

நெஞ்சு அடைப்பும் தலை பாரமும் மனசுதான் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் டாக்டரைப் பார்த்தாளா என்று கேளுங்கள். அம்மா கூடவே உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னால், அவள் சட்டப்படி மேஜர், அவள் எழுத்தில் சம்மதிக்காமல் அம்மாவிடம் எதுவும் பேச முடியாது என்பதை இருவருக்கும் மரியாதையாக முதல் செஷனிலேயே விளக்க வேண்டும். அம்மாவைத் துரத்த வேண்டியதில்லை. மகள் விரும்பினால் திட்டத்தில் அம்மாவுக்கும் இடம் உண்டு, எதுவரை என்பதை மகள் சொல்லட்டும். மொழி தெரியாத பெற்றோருக்குப் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்கும் விடை வந்தால், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் என்ற விடை பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள்.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. எப்படிப் பயிற்சி செய்வது? சிகிச்சையை முடிப்பது, அதாவது டெர்மினேஷன் பகுதியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாமா?
வாசகர், சான் ஆண்டோனியோ

225 நிமிடத்தை 11 கேஸுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு இருபது நிமிடம். அதனால் பயிற்சிக் கேஸை எடுத்துக்கொண்டு, கேள்விகளைப் பார்ப்பதற்கு முன்பே, இன்டேக்கை மட்டும் படித்துவிட்டு ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன ஆபத்து, என்ன டயக்னோசிஸ் இருக்கலாம், எதை முதலில், ஒரு கோல், இரண்டு ஆப்ஜெக்டிவ், எதை வைத்து அளப்பது. அப்புறம் கேள்விகளுக்குப் போங்கள். முதல் சில கேஸுக்கு நேரம் இழுக்கும், அப்புறம் கை பழகிவிடும். தவறான விடையின் விளக்கத்தைப் படிக்கும்போது சரியான விடை ஏன் சரி என்பதோடு நிறுத்தாமல், நீங்கள் தொட்டது எந்த நிலைமையில் சரியாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். தெரியாத கேள்வியை வெறுமனே விட வேண்டாம், தவறுக்கு மார்க் குறைப்பதில்லை. வேலையிடத்துக் கிளையன்ட் ஃபைலை வீட்டுக்குக் கொண்டுவந்து பயிற்சி செய்வது மட்டும் கூடவே கூடாது, பெயரை அழித்துவிட்டேன் என்றாலும்.

டெர்மினேஷனைத் தள்ளி வைக்காதீர்கள். எது நடந்தால் சிகிச்சை முடியலாம் என்பது திட்டம் போடும் நாளிலேயே பேச வேண்டிய விஷயம். மேலே சொன்ன 42 வயதுக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாவது வாரம் மார்க் 18-லிருந்து 16-க்குத்தான் வந்திருக்கிறது என்றால் அதே திட்டத்தை இன்னும் எட்டு வாரம் நீட்டுவது விடையில்லை. டயக்னோசிஸ் சரிதானா, குடி கணக்கில் வந்ததா, டாக்டரைப் பார்த்தாரா, காலை நடை அவர் தேர்ந்தெடுத்ததா நாம் கொடுத்ததா என்று அவரோடு உட்கார்ந்து பார்த்துத் திருத்த வேண்டும், மருந்து பற்றி மனநல மருத்துவரிடம் பேசச் சொல்ல வேண்டும். மார்க் 4-க்கு வந்து, தூக்கம் திரும்பி, வேலையும் கிடைத்துவிட்டது என்றால் செஷன்களை இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று இடைவெளி விட்டு, மறுபடியும் விடிகாலை மூன்று மணி விழிப்பு தொடங்கினால் யாரைக் கூப்பிடுவது, எத்தனை நாள் பார்த்துவிட்டுக் கூப்பிடுவது என்று எழுதிக் கொடுத்து முடிக்க வேண்டும். நடுவில் நீங்கள் ஊர் மாறினாலோ அவருடைய இன்ஷூரன்ஸ் மாறினாலோ, வேறொரு கவுன்சலரை ஏற்பாடு செய்யாமல் அவரை அப்படியே விட்டுவிடுவது நெறிமுறைப்படி கைவிடுதல் ஆகும். இந்தக் கேள்வி இரண்டு தேர்விலும் ஏதாவது ஒரு உருவத்தில் வரக்கூடியது, படித்துவிட்டே போங்கள்.